பின்சீட்டுப் பாரம்

எங்கள் வண்டி அறுபதில் நடுங்க ஆரம்பிக்கும். ஐம்பது வரை ஒன்றும் தெரியாது. அறுபதைத் தொட்டதும் காலடித் தகட்டில் ஒரு குறுகுறுப்பு வரும். பிறகு அது சீட்டுக்கு ஏறும். எழுபதில் பின்கதவுக் கண்ணாடி கடகடக்கும். ஸ்டீயரிங்கில் மட்டும் ஒன்றுமே இருக்காது. ஆகவே ஓட்டுகிற எனக்கு அது வெறும் எரிச்சல். நடுசீட்டில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்த என் மனைவிக்கு அப்படியில்லை. அவளுடைய நோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது.

ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போக வேண்டும். அங்கே ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மேசையில் படுக்க வைத்து, எல்லாரும் அறையை விட்டு வெளியே போய், சில நிமிடங்களில் முடித்து அனுப்பிவிடுவார்கள். அது வலிக்கவே வலிக்காது என்பாள். வலியெல்லாம் போகிற வழியிலும் வருகிற வழியிலும்தான். நோயைக் குணமாக்க முடியாது, வலியைக் குறைக்கத்தான் இந்தக் கரண்ட் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். வலியைக் குறைக்கப் போகும் பெண்ணை வழி நெடுக வலிக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போகும் வண்டி. இதைவிடக் கேவலமான ஏற்பாட்டை எந்த எதிரியும் எனக்குச் செய்திருக்க முடியாது. அவள் பிழைப்பாள் என்ற ஆசையை விட்டுவிட்டேன். அவள் பல்லைக் கடிக்காமல் ஒரு தடவையாவது மதுரைக்குப் போய் வர வேண்டும், அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

அந்த வண்டியை நாங்கள் வாங்கியதே அவள் முதுகுக்காகத்தான். பஸ் படி அவளால் ஏற முடியாது. வாடகைக் காரில் போனோம்; அதில் உட்காருவதற்குக் குனிந்து கீழே இறங்க வேண்டும், குனிந்தால் உயிர் போகும். உயரமான வண்டி வேண்டும் என்று தேடியபோது அய்யலூரில் ஓர் ஆட்டு வியாபாரியிடம் இது இருப்பதாகச் சொன்னார்கள். பழைய ஜீப் மாதிரியான ஏழு பேர் வண்டி. பின் சக்கரம் இழுப்பது. சந்தை நாளில் போய்ப் பார்த்தோம். அவள் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, குனியாமல், அப்படியே இடுப்பைச் சாய்த்து சீட்டில் உட்கார்ந்து காட்டினாள். சுற்றிலும் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. அவள் முகத்தில் பல நாளைக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன்.

"இது என் உயரத்துக்கே தச்சு வச்ச மாதிரி இருக்குங்க."

அந்த உயரம் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. உயரமாக இருக்கிறது, எடுத்துக்கொண்டோம். ஆட்டு வாடை மட்டும் கடைசி வரை போகவில்லை. எத்தனை தடவை சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினாலும் வெயில் ஏறியதும் அந்த வாடை எழும்பி வரும்.

ஆரம்பத்தில் வண்டி நிறைய ஆள். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு யாரையும் தனியாக அனுப்ப மாட்டார்கள். துணைக்கு வருவது ஊர் வழக்கம். ஆத்தூரிலிருந்து என் அக்கா, என் மனைவிக்கு மதினி, விடிவதற்கு முன்பே பஸ் பிடித்து வந்துவிடுவாள். அவளோடு அவளுடைய ஓரகத்தி, என் மனைவியின் அண்ணன், அண்ணி, பங்குக் கோவிலில் பாட்டுக் குழுவில் இருக்கும் ஓர் அம்மா. புளிச்சோறும் வெஞ்சனமும் தூக்குச் சட்டியில் வரும். வண்டி பைபாஸில் ஏறியதும் அக்கா ஜெபமாலையை எடுப்பாள். அவள் ஒரு பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறு பாதியைச் சொல்ல, வாடிப்பட்டி வருவதற்குள் பத்துப் பத்து மணியாக ஐந்து சுற்றும் முடிந்துவிடும். என் மனைவிக்கு அந்தக் கூட்டம் கொஞ்சம் சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி நடுங்கியதாக அவள் அப்போது ஒரு நாளும் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அண்ணனுக்குத் தோட்டத்தில் கத்திரிக்காய் பறிப்பு. அண்ணிக்கு மகள் பிரசவம். பாட்டுக் குழு அம்மாவுக்குத் திருவிழா ஒத்திகை. அக்கா கொஞ்சம் தாக்குப் பிடித்தாள், அப்புறம் அவளுக்கும் முழங்கால் வலி. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாம் உண்மையான காரணங்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். பொய்யென்றால் சண்டை போட்டிருப்பேன். சாவதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறவர்களுக்குத் துணை கிடைக்காது. சட்டென்று போகிறவர்களுக்குத்தான் ஊரே திரண்டு வரும். கடைசியில் நானும் அவளும் மட்டும் போய் வந்தோம்.

நடுக்கம் தொடங்கியது அப்போதுதான். முதலில் ரோட்டைத் திட்டினேன். பிறகு டயரில் காற்றுப் பார்த்தேன். ஐம்பதுக்குக் கீழே ஓட்டிப் பார்த்தேன். நடுக்கம் இல்லை, ஆனால் பயணம் நீண்டுகொண்டே போனது. உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவளுக்கு வேதனை. "போங்க, சீக்கிரம் போயிருங்க" என்பாள். அறுபதைத் தாண்டினால் முன்சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். கண்ணாடியில் அவள் விரல்கள் தெரியும். வேகமாகப் போனால் ஒரு வேதனை, மெதுவாகப் போனால் வேறு வேதனை. நான் ஆக்ஸிலேட்டரில் காலை வைப்பதும் எடுப்பதுமாக ஓட்டினேன். காலை எடுத்தால் கொஞ்சம் அடங்கும், மிதித்தால் எழும்பும். பாலங்களில் ஏறும்போதுதான் மோசம். ஒவ்வொரு பாலமும் வருவதற்கு முன்பே அவள் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்க்கப் பழகிவிட்டேன்.

வண்டியை பேகம்பூரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாயிடம் காட்டினேன். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் அதிகம். "இதெல்லாம் ஒரு மேட்டரா சார்? சாயங்காலம் வாங்க, குழந்தை மாதிரி தூங்கிட்டுப் போகலாம்" என்றார். சக்கரங்களை பேலன்ஸ் செய்தார். மறுநாள் நடுங்கியது. முன் டயர்களைப் பின்னால் மாற்றினார். நடுங்கியது. என்ஜின் உட்காரும் ரப்பர் போய்விட்டது என்று அதை மாற்றினார். எனக்குத் தெரிந்த அளவில் நானும் ஒரு சோதனை செய்தேன்: எழுபதில் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தேன். என்ஜின் அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை. என்ஜின் இல்லை என்று அவரிடம் சொன்னேன். "அப்பத் தெரிஞ்சுபோச்சு சார்" என்றார். ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தெரிந்துபோகும்.

அவருடைய பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சத்தமோ ஆட்டமோ எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வண்டியில் பட்டறையே ஏறிவிடும். ஓட்டுவது அவர். ஒருவர் இடது பின்சக்கரத்துக்கு மேல், இன்னொருவர் வலது பக்கம், ஒருவர் நடுவில் தரையில் காதை வைத்துக் குப்புறப் படுத்துக்கொள்வார். வெல்டிங் கடைக்காரரும் ஆர்வம் தாங்காமல் ஏறிக்கொள்வார். நானும் ஏறுவேன். இத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பைபாஸில் ஒரு சுற்றுப் போய் வருவோம். வண்டி துளிகூட அசையாமல் போகும்.

"எங்க சார் ஆடுது?"

எனக்கே வெட்கமாக இருந்தது. மறுநாள் நாங்கள் இருவரும் மதுரைக்குக் கிளம்பினால், சின்னாளபட்டி தாண்டுவதற்குள் பின்கண்ணாடி கடகடக்க ஆரம்பிக்கும்.

இதற்கிடையில் ஒரு நாள் அக்கா வந்தாள். தன் ஓரகத்தியையும் இன்னும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு, பார்த்து நாளாயிற்றே என்று வந்தாள். அன்று வண்டி ஆடவில்லை. என் மனைவி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் இறங்கியதும் அக்கா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன் தம்பி, வண்டி நல்லாத்தானே வருது? நீ என்னமோ போன்ல அம்புட்டுச் சொன்ன?"

"இன்னிக்கு ஆடலக்கா."

"அவ உடம்புல இருக்குற நடுக்கத்த வண்டி மேல போடுறாடா. நோவு வந்தா அப்படித்தான் தோணும். நீ போயி வீணா மெக்கானிக்குக்கிட்ட அலையாத."

இதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். சக்கர நாற்காலியில் இருந்தவளுக்குக் கேட்டுவிட்டது. அன்று திரும்பி வரும்போது என் மனைவி அழுதாள். வலியில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றுதான் அழுதாள்.

விடை கிடைத்தது மழையால். கரண்ட் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கொடைரோடு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் கூரை இல்லை. கொய்யாத் தோப்பில் வேலை முடித்த பெண்கள், கூடைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நனைந்தபடி நின்றார்கள்.

"ஏத்திக்கிருங்க" என்றாள் என் மனைவி.

"உனக்கு இடிக்கும்."

"இடிச்சா இடிக்கட்டும். பாவம், எம்புட்டு நேரமா நிக்கிறாகளோ."

ஈரச் சேலையும் கூடையும் பழ வாசனையுமாகப் பின்னால் அடைந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவளிடம் ஒரு பழத்தை நீட்டி, "என்னம்மா, முடியலையா?" என்று கேட்டாள். "முதுகு வலி" என்று மட்டும் சொல்லிப் பழத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மழை கொஞ்சம் விட்டதும் நான் வேகம் எடுத்தேன். அறுபது. எழுபது. பாலம் வந்தது. நான் கண்ணாடியில் அவள் விரல்களைத் தேடினேன். முன்சீட்டில் விரல்கள் இல்லை.

"ஏங்க" என்றாள். "ஆட்டத்த நிப்பாட்டிருச்சுங்க."

சின்னாளபட்டியில் அந்தப் பெண்கள் இறங்கிக்கொண்டார்கள். கை காட்டி அனுப்பிவிட்டு மறுபடி அறுபதைத் தொட்டதும் தரையில் குறுகுறுப்பு வந்தது. அவள் பின்னால் திரும்பிக் காலியான சீட்டைப் பார்க்க முயன்றாள், கழுத்து திரும்பவில்லை.

"ஆளு இருந்தா ஆடலங்க. பாய் ஆளுகளோட ஏறுனப்ப ஆடல. மதினி வந்தன்னிக்கு ஆடல. மொதல்ல எல்லாரும் வந்தாகள்ல, அப்பவும் ஆடல."

இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அவர்கள் வராமல் போனது மனதுக்குத்தான் வலி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது அவள் எலும்பு வரைக்கும் போயிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பாயிடம் போனேன். பட்டறையே ஏறப் பார்த்தது. யாரும் வேண்டாம், நீங்களும் நானும் மட்டும் என்றேன். பைபாஸில் அறுபதைத் தொட்டதும் அவர் முகம் மாறியது. "யா அல்லா, இம்புட்டு ஆடுதா" என்றார். திரும்பி வந்து வண்டிக்கு அடியில் படுத்தவர் நீண்ட நேரம் வெளியே வரவில்லை. பிறகு என்னையும் படுக்கச் சொல்லிக் காட்டினார். பின்பக்கத்தைத் தாங்கும் வில் பட்டைகளில் ஒன்று கூடுதலாக இருந்தது. ஆடுகளை அடைத்து ஏற்றினாலும் வண்டி தாழக் கூடாது என்று அந்த வியாபாரி சேர்த்திருக்கிறார். வண்டி காலியாக இருந்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். என்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீள ஷாஃப்ட் அப்போது வளைந்த கோணத்தில் சுற்றும். அந்த ஷாஃப்ட் மடங்கும் இடத்தில் இருக்கும் கிராஸ் என்ற இரும்புத் துண்டு தேய்ந்து கிடந்தது. பாய் ஷாஃப்டைக் கையால் பிடித்து ஆட்டினார். டக் டக் என்று கேட்டது. பாரம் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து ஷாஃப்ட் நேராகிவிடும், தேய்ந்த கிராஸும் வாயை மூடிக்கொண்டு சுற்றும்.

"நாலு ஆளா ஏறி ஏறிப் பாத்தேன் பாருங்க, என் புத்திய..." என்று அவர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அவள் கண்டுபிடித்தது என்று சொன்னேன்.

அந்தப் பழைய வண்டிக்குப் பொருந்துகிற கிராஸ் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. கோயம்புத்தூரில் சொல்லி வைத்தார். பட்டையைக் கழற்றலாம் என்றால், துருப்பிடித்த போல்ட்டுகளை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், வண்டி பட்டறையில் சில நாள் நிற்க வேண்டும். கரண்ட் வைப்பதை இடையில் விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"அதுவரைக்கும் பின்னாடி நாலு ஆள ஏத்திட்டுப் போங்க சார். உங்களுக்கு எம்புட்டுச் சொந்தம் இருக்கு" என்றார் பாய்.

அக்காவுக்குப் போன் செய்தேன். பாரத்துக்கு ஆள் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? "சும்மா உக்காந்து வந்தாப் போதும்க்கா" என்றேன். மூட்டு வைத்தியரிடம் போகிற நாள் என்றாள். அவள் அண்ணனை, என் மச்சானைக் கேட்டேன். "வாரேன் மாப்ள, இந்த வாரம் போகட்டும்" என்றார். பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் என் கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டாள்.

"விடுங்க. இனி ஒருத்தரையும் கேக்காதீங்க."

எங்கள் தெருவில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கேட்டு உரச் சாக்குகளில் மணல் அள்ளிக்கொண்டேன். கடைசிச் சீட்டுகளில் எதிரெதிராக மூட்டைகளை உட்கார வைத்து, நழுவாமல் கயிற்றால் கட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் தலை குனிந்து ஆட்கள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. மறுநாள் வண்டி ஆடாமல் மதுரைக்குப் போனது.

அவள் அந்த மூட்டைகளுக்கு உறவுமுறை வைத்தாள். பெரியது மதினி. அதற்குப் பக்கத்தில் சாய்ந்திருப்பது அவளுடைய அண்ணன். கழுத்து மெலிந்தது பாட்டுக் குழு அம்மா. "மதினி இன்னிக்கு வாயே திறக்கல, கவனிச்சீங்களா? உடம்புக்கு என்னமோ" என்பாள். பிரேக் போட்டு மூட்டை சரிந்தால், "அண்ணனுக்குத் தூக்கம் வந்துருச்சு" என்பாள். நான் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே ரோட்டைப் பார்ப்பேன், ரோடு கலங்கித் தெரியும். ஜெபமாலைக்கு மட்டும் அவர்கள் பதில் சொல்வதில்லை என்று குறைபட்டுக்கொண்டாள். அவள் ஒரு பாதியைச் சொன்னாள், நான் ஓட்டிக்கொண்டே மறு பாதியைச் சொன்னேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவள் பல்லைக் கடிக்காமல் போய் வந்தாள். சில நாட்கள்தான் அது வாய்த்தது.

பிறகு மூச்சு திணறியது. கரண்ட் வைத்துவிட்டு வந்தவளை வீட்டுக்கு அனுப்பவில்லை, வார்டில் சேர்த்துவிட்டார்கள். இனி கரண்ட் வேண்டாம் என்றார் டாக்டர். வண்டி ஆஸ்பத்திரி வளாகத்தில் வேப்ப மரத்தடியில் மூட்டைகளோடு நின்றது. ஒரு மத்தியானம், என் கை அவள் கைக்குள் இருக்கும்போதே, அவள் போய்விட்டாள். கோயம்புத்தூரிலிருந்து பொருள் வந்துவிட்டதாகப் பாய் அனுப்பிய செய்தியை அதற்கு அடுத்த நாள்தான் பார்த்தேன்.

போன் செய்து முடிப்பதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். யாருக்கும் பறிப்பு இல்லை, ஒத்திகை இல்லை, முழங்கால் இல்லை. ஆத்தூரில் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது என்று முடிவாகி, அவளை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மச்சான் அதில் ஏறிக்கொண்டார். அக்காவும் மற்றப் பெண்களும் என் வண்டிக்கு வந்தார்கள். பின்கதவைத் திறந்தால் உட்கார இடமில்லை.

"இதென்னடா தம்பி மண்ணு மூட்டை? வீட்டுல வேலை நடக்குதா?"

நான் கயிற்றை அவிழ்த்து ஒவ்வொன்றாக இறக்கி மரத்தடியில் வைத்தேன். ஓட்டுவதற்கு வேறு ஆள் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள், நான் சாவியைக் கொடுக்கவில்லை. பெரிய மூட்டையைக் கடைசியாக இறக்கினேன். அது இருந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் தட்டிவிட்டு அக்கா உட்கார்ந்தாள். நடுசீட்டில், தலையணைகளை ஒதுக்கிவிட்டு, பாட்டுக் குழு அம்மாவும் அண்ணியும் உட்கார்ந்தார்கள்.

ஆம்புலன்ஸுக்குப் பின்னால் போனேன். அது வேகமாகப் போனது, நானும் போனேன். அறுபதைத் தாண்டி எழுபதைத் தாண்டிப் போனோம். பாலம் வந்தபோது என் கால் தானாக ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்தது. பிறகு ஞாபகம் வந்து மிதித்தேன். பின்கண்ணாடி அசையவில்லை.

கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வண்டி அலுங்காமத்தானே போகுது. இதப் போயி அவ அம்புட்டுக் குறை சொன்னாளே, பாவம்."

"ஆமாக்கா" என்றேன். "ஆளு இருந்தா ஆடாது."

அவளுக்கு அது விளங்கவில்லை. பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து ஆரம்பித்தாள். பின்னால் எல்லாரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். ஆத்தூர் வரை வண்டி ஆடவே இல்லை.